பின்னறைக்கு முதல் பரிசு

எனக்கு வசந்த காலம் என்றாலே எரிச்சல். மரத்துக்கு மரம் பூத்துக் கொட்டுகிறது, அது பாட்டுக்குக் கொட்டட்டும். மூக்கு ஒழுகுகிறது, கண் அரிக்கிறது, வெளியே காயப்போட்ட வெள்ளைத் துணியிலெல்லாம் மஞ்சள் தூள் படிந்து மறுபடி அலச வேண்டியிருக்கிறது. அதையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது எங்கள் குடியிருப்பின் கலைக்குழு. குளிர் விடும்வரை இருக்கிற இடம் தெரியாமல் கிடப்பவர்கள், முதல் பூ விழுந்ததும் ஆளுக்கொரு துணிப்பையை மாட்டிக்கொண்டு தெருவில் நடமாட ஆரம்பித்துவிடுவார்கள். பூங்காவில் கவிதை, நூலக வாசலில் களிமண், வங்கி மேலாளரின் புல்லாங்குழல். அந்த மனிதர் ஊதுவதைக் கேட்டால் குழலுக்கே சளி பிடித்துவிட்டது என்று தோன்றும்.

இந்தக் கூத்துக்கெல்லாம் ஒரு தலைவர் இருக்கிறார். வெயிலோ மழையோ, தோளில் சால்வை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. தெருவில் அவருக்குப் பெயரே சால்வைதான். கலை வாரத்தில் 'திறந்த வீடு' என்று ஒன்றைக் கொண்டுவந்தவர் அவர். படம் வரைகிறவர்கள், சிலை செய்கிறவர்கள் எல்லாம் அவற்றை வீட்டிலேயே பார்வைக்கு வைத்து, வாசலில் ஒரு மஞ்சள் ரிப்பன் கட்டிவிட வேண்டும். ரிப்பன் கட்டிய வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் கதவைத் தட்டாமல் நுழையலாம். எதற்கும் பெயர்ச்சீட்டு வைக்கக் கூடாது. வருகிறவர்களும் 'இது என்ன' என்று கேட்கக் கூடாது. கேட்டால் அனுபவம் கெட்டுப்போகுமாம். போன வருடம் பல் டாக்டர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒட்டடைக் குச்சியும் கால் உடைந்த நாற்காலியும் கிடந்தன. சால்வை அவற்றின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றார். பின்னால் போன கும்பலும் நின்றது. டாக்டர் மனைவி வெட்கத்தில் வாயைத் திறக்கவில்லை. இதைச் சொல்லிச் சொல்லித் தெருவே சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

என் வீட்டுக்காரருக்கு டைல்ஸ் கடையில் வேலை. குளியலறைக்கு எந்தக் கல், சமையலறைக்கு எந்தக் கல் என்று வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவார். மற்ற நேரமெல்லாம் படம் வரைவார். வரைவது எல்லாமே கடலில் சூரியன் மறைகிற படம். சும்மா சொல்லக் கூடாது, கடல் ஓரளவுக்குக் கடல் மாதிரி இருக்கும். சூரியன்தான் பொரித்த முட்டை. வருடா வருடம் ரிப்பன் கட்டுவார். வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி கிடைக்குமா" என்று கேட்டுக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். திறந்த வீடுகளில் முதல் பரிசு பெறுகிறவருக்கு அடுத்த வசந்தத்தில் சமூகக் கூடத்தில் தனிக் கண்காட்சி. அந்த ஒன்றுக்காகத்தான் மனிதர் உயிரை விட்டுக்கொண்டிருந்தார்.

நாங்கள் இருப்பது என் அக்காவின் வீடு. அவள் பின்னறையில் இருக்கிறாள். அம்மா போனபிறகு என்னைத் தூக்கி வளர்த்தவள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "எங்கடி நேரம்" என்பாள். ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் ஆயாவாக இருந்தாள். குளிப்பாட்டுவது, துடைத்துவிடுவது, எழுந்து போக முடியாதவர்களுக்குப் பெட்பேன் வைத்து எடுப்பது எல்லாம் அவள் வேலை. இரும்புச் சட்டத்தில் பச்சைத் துணி கட்டி, அடியில் சக்கரம் வைத்த மடக்குத் தட்டி ஒன்று வார்டில் இருக்கும். அக்கா அதை மறைப்பு என்பாள். படுத்திருப்பவள் பணக்காரியோ பிச்சைக்காரியோ, நினைவோடு இருப்பவளோ இல்லாதவளோ, கட்டிலைச் சுற்றி அதை நிறுத்தாமல் போர்வையில் கை வைக்க மாட்டாள். டாக்டரே அவசரப்படுத்தினாலும், "மொதல்ல மறைப்பு, அப்புறம்தான் மத்ததெல்லாம்" என்று தள்ளிக்கொண்டு வருவாள்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் வார்டு வாசலில் போய் உட்கார்ந்திருப்பேன். மறைப்புக்கு உள்ளேயிருந்து அவள் குரல் கேட்கும். "யாரும் பாக்கல. கண்ண மூடிக்கங்க." யாராக இருந்தாலும் இதையேதான் சொல்வாள். ஒருநாள் மறைப்பின் துணி ஒரு பக்கம் கிழிந்திருந்தது. ஜன்னல் பக்கமிருந்து ரெண்டு பேர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கும் அதையே சொன்னாள். வீட்டுக்கு வரும் வழியில் நான் விடவில்லை.

"பொய்தானே சொன்ன? அவங்க ரெண்டு பேரும் பாத்தாங்களே."

"ஆமா, பொய்தான்."

"அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"அவங்களுக்கும் தெரியும்டி. அதுக்குத்தான் கண்ண மூடிக்கச் சொல்றது."

அவள் ஓய்வுபெற்ற சமயம் ஆஸ்பத்திரியில் பழைய சாமான்களைக் கழித்துக்கட்டினார்கள். அக்கா வேறெதையும் கேட்கவில்லை, அந்த மறைப்பைக் கேட்டு வாங்கித் தெருவழியாக உருட்டிக்கொண்டே வந்தாள். எதற்கு இந்தக் குப்பை என்று நான்கூடக் கத்தினேன். போன மழைக்காலத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும், அதுவும் கஷ்டப்பட்டு. புத்தி மட்டும் கத்தி மாதிரி இருக்கிறது. பக்கத்தைத் தூக்கி இறக்குகிற பெரிய கட்டிலை உள்ளே கொண்டுபோக அறைக்கதவைக் கழற்றினோம். அதற்கப்புறம் வாசலில் ஒரு துணியைத் தொங்கவிட்டதோடு சரி. உடம்பு துடைக்கப் போனால், "மறைப்பு" என்பாள். "வீட்டுல வேற யாரு இருக்கா அக்கா, நான்தானே" என்றால் முறைப்பாள். நானும் உருட்டிக்கொண்டு வந்து நிறுத்துவேன்.

அப்படிப்பட்ட மறைப்பின்மேல்தான் இந்த வருடம் என் வீட்டுக்காரருடைய கண் விழுந்தது.

"சொவத்துல இடம் பத்தல. மூணு மடிப்பு இருக்குல்ல, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு படம் மாட்டலாம். ஒரே ஒரு நாளைக்குத்தான்."

"அது அக்காவுது. அவ கட்டில் பக்கத்துல இருக்கணும்."

"வாசல்ல துணி தொங்குதே. யாரும் உள்ள போகாம நான் பாத்துக்கறேன். இந்தத் தடவை வெளியூர்லேந்து நடுவர் வர்றாங்க. ஒரு தடவையாவது நம்ம வீட்டுல நின்னு பாக்கட்டுமேன்னு ஒரு ஆசை, அவ்வளவுதான்."

நான் முடியாது என்றுதான் சொன்னேன். அக்கா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள், இடக்கையால் கட்டில் கம்பியைத் தட்டிக் கூப்பிட்டாள். "பாவம்... குடு" என்றாள். இவரை அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கும். தம்பி, தம்பி என்று உருகுவாள். அவள் சொன்னபிறகு நான் என்ன பேசுவது.

அன்றைக்கென்று பார்த்து எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நான் வேலை பார்ப்பது சலவைக் கூடத்தில். கலை வாரத்துக்கு வந்து குவிந்த விருந்தாளிகளால் ஓட்டல்கள் எல்லாம் நிரம்பி, மூட்டை மூட்டையாகப் படுக்கை விரிப்புகள் வந்து இறங்கியிருந்தன. எதிர்வீட்டு டெய்லரக்காவிடம் மதியம் வந்து அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவள் நல்ல மாதிரி. தையல் மெஷினை அப்படியே போட்டுவிட்டு ஓடிவருவாள். இவரிடம் கிளம்பும்போது ஒரு தடவைக்கு ரெண்டு தடவையாகச் சொன்னேன், "துணி எந்நேரமும் இறக்கியே இருக்கணும்" என்று. "அட, போம்மா, நான் என்ன சின்னப் பிள்ளையா" என்றார்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது முன்னறையெல்லாம் காகிதக் குவளைகள். மனிதர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பெருக்கிக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் கையில் துடைப்பத்தை நான் பார்த்ததில்லை. பின்னறைத் துணி இறங்கித்தான் இருந்தது. உள்ளே போனால், அக்கா போர்வையைத் தலைக்குமேல் இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தாள். கூப்பிட்டுப் பார்த்தேன். போர்வையை விலக்கப் போனேன், இடக்கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கட்டிலுக்கடியில் மஞ்சள் ரிப்பன் துண்டு ஒன்று கிடந்தது. காற்றில் பறந்து வந்திருக்கும் என்று நினைத்துக் குப்பையில் போட்டேன்.

"என்னங்க ஆச்சு அக்காவுக்கு?"

"தெரியலையே. சத்தமா இருந்துச்சு, அதுல தூங்கியிருக்க மாட்டாங்க."

அன்றைக்கு அக்கா சாப்பிடவில்லை. அதற்கடுத்த நாட்களிலும் ரெண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை. மறைப்பைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னால் இவர், "படத்தையெல்லாம் கழட்டணும், நாளைக்கு" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தது, என்ன என்றுதான் தெரியவில்லை.

பரிசளிப்பு அன்று மதியம் டெய்லரக்கா என்னைத் தேடிக்கொண்டு சலவைக் கூடத்துக்கே வந்துவிட்டாள். கழுத்தில் கிடந்த இஞ்சு டேப்பைக்கூடக் கழற்றவில்லை. அழுதிருந்த முகம்.

"உங்க வீட்டுக்குத்தான் முதல் பரிசாம். தெரியுமா?"

"பொரிச்ச முட்டைக்கா?" என்றேன்.

"படத்துக்கு இல்லம்மா. பின்னறைக்கு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். அன்றைக்கு மதியம் வந்து அக்காவுக்குப் பெட்பேன் வைத்திருக்கிறாள். அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கைக்காரி ரவிக்கை வாங்க வந்து கூப்பிட்டிருக்கிறாள். இதோ வந்துவிடுகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது வீடு முழுக்கக் கூட்டம், பின்னறை வாசலிலும் கூட்டம்.

"ஏதோ படம் பாக்கறாங்கன்னு நினைச்சு வெளியவே நின்னுட்டேன். எல்லாரும் போனப்புறம் உள்ள போயி எல்லாத்தையும் எடுத்துச் சுத்தம் பண்ணினேன். அக்கா என் மூஞ்சியப் பாக்கல. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன். இப்ப சமூகக் கூடத்து வழியா வந்தேன். அக்காவப் போட்டோ எடுத்து, பெரிசாக்கிச் செவுத்துல மாட்டியிருக்காங்கம்மா. அந்தக் கோலத்துல."

என் காதில் மெஷின் சத்தம் எல்லாம் நின்றுபோனது. போட்டது போட்டபடி கிளம்பினேன்.

வீட்டில் இவர் கண்ணாடி முன் நின்று தலை சீவிக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. அது நான் போட்ட இஸ்திரி. என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன நடந்துச்சு, ஒழுங்கா சொல்லுங்க."

முதலில் மழுப்பினார். அப்புறம் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய், அக்காவுக்குக் கேட்கக் கூடாது என்று குரலைத் தாழ்த்தி ஒவ்வொன்றாகக் கக்கினார். நடுவரம்மா வந்தபோது இவர் வாசலில் சால்வைக்கு மாலை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அந்தம்மா சூரியன்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் பின்னறைத் துணியை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இவர் ஓடிவந்து பார்த்தபோது கும்பல் மொத்தமும் கட்டிலைச் சுற்றி நின்று, வாயைப் பொத்திக்கொண்டு, மெய்ம்மறந்து பார்த்துக்கொண்டிருந்ததாம். மருந்துப் பாட்டில்களை, வெந்நீர் வாளியை, கட்டிலில் இருந்தவளை.

"நடிக்க வெச்சிருக்கேன்னு நினைச்சுட்டாங்க. கேள்வி கேக்கக் கூடாதுன்னு விதி இருக்கே, யாரும் கேக்கல. அப்புறம் அந்தம்மா எங்கிட்ட வந்து, கண்ணெல்லாம் கலங்கிப்போயி, 'இதை யோசிச்சது யாரு'ன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் தரையைப் பார்த்தார்.

"நான்தான்னு சொல்லிட்டேன். இத்தன வருஷத்துல யாராவது என்னப் பாத்து அப்படிக் கேட்டிருக்காங்களா, நீயே சொல்லு. வாயில வந்துருச்சு."

குப்பையில் போட்ட ரிப்பன் அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

"துணிய ரிப்பனால தூக்கிக் கட்டினது யாரு?"

கையிலிருந்த சீப்பைச் சட்டைப் பையில் செருகினார்.

"யாருன்னு கேட்டேன்."

"அடுத்து வர்றவங்களும் பாக்கட்டுமேன்னு..."

வயிற்றைக் குமட்டிக்கொண்டு வந்தது. குமட்டல் என்று சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். ஊர்ப்பட்ட அழுக்கைத் துவைக்கிறவள் நான். ரத்தம், வாந்தி, இன்னும் என்னென்னவோ ஒட்டிய விரிப்புகளை வெறுங்கையால் பிரித்திருக்கிறேன். ஒருநாளும் இப்படிக் குமட்டியதில்லை. இந்த ஆளோடு ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டிருக்கிறேன் என்று நினைக்க நினைக்கத் தொண்டை வரைக்கும் வந்தது. நான் நிமிர்ந்தபோது மனிதரைக் காணோம். பரிசுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

முன்னறைக்குப் போனேன். மறைப்பிலிருந்து சூரியன்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் போட்டேன். ஒன்றின் கண்ணாடி உடைந்தது. பரவாயில்லை. என் பின்னாலேயே வந்திருந்த டெய்லரக்காவை அக்கா பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, மறைப்பை மடக்கித் தெருவில் தள்ளிக்கொண்டு நடந்தேன். எண்ணெய் காணாத சக்கரம் வழியெல்லாம் கிறீச்சிட்டது. இருபுறமும் பூ கொட்டிக்கொண்டிருந்தது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் கை தட்டினார்கள், நானும் கலை வாரத்தில் ஒரு ஆள் என்று.

சமூகக் கூடத்தில் புல்லாங்குழல் ஓடிக்கொண்டிருந்தது. மேடைக்குப் பக்கத்துச் சுவரில் அக்கா மாட்டப்பட்டிருந்தாள். ஆள் உயரம் இருக்கும் அந்தப் படம். தலை அவிழ்ந்து கிடக்கிறது. நைட்டி முட்டிக்கு மேல் ஏறியிருக்கிறது. இடுப்புக்கடியில் பெட்பேனின் வெள்ளை விளிம்பு பளிச்சென்று தெரிகிறது. இடக்கை காமிராப் பக்கம் நீண்டிருக்கிறது, வாய் பாதி திறந்திருக்கிறது. காலமெல்லாம் எண்ணெய் வைத்துப் படிய வாரி, ஒரு முடி வெளியே வராமல் கொண்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவள். அந்தப் படத்துக்குக் கீழே ஒரு பெண் கேக் தின்றுகொண்டிருந்தாள்.

நான் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய், மறைப்பை விரித்துப் படத்துக்கு முன்னால் நிறுத்தினேன்.

கூடத்தில் எல்லாத் தலைகளும் திரும்பின. அப்புறம் ஒருவர் கை தட்டினார். சால்வைதான், வேறு யார். உடனே எல்லாரும் தட்டினார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். ஒருத்தி மெதுவாக வந்து, மறைப்பின் ஓரத்தில் தலையை நீட்டி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் அக்காவை எட்டிப் பார்க்க வரிசையே உண்டாகிவிட்டது. கருமம், வரிசையை ஒழுங்குபடுத்த ஓர் ஆளும் வந்து நின்றார்.

"நிறுத்துங்க" என்றேன். "இது கலையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இது என் அக்கா. முடியாம படுத்திருக்கா. அவ நடிக்கல. நீங்க எல்லாரும் ஒரு பொம்பள ஒதுங்குற இடத்துக்குள்ள பூந்து வேடிக்கை பாத்திருக்கீங்க."

இதைச் சொன்னால் தலை குனிவார்கள் என்று நினைத்தேன். நடுவரம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். மெல்லிய கை, வாசனை வீசியது. கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

"எனக்கு அப்பவே தோணுச்சும்மா, இது நடிப்பா இருக்க முடியாதுன்னு. அதனாலதான் இது இவ்வளவு உண்மையா இருக்கு. அந்தக் குரல் இன்னும் என் காதுலயே நிக்குது."

"எந்தக் குரல்?"

"அவங்க திரும்பத் திரும்ப ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிட்டிருந்தாங்க. உங்க வீட்டுக்காரர் பக்கத்துல வந்ததும் அவரப் பாத்து, 'தம்பி, மறைப்பு. தம்பி, மறைப்பு'ன்னு. என்ன ஒரு கவிதை. படத்துக்கு அதையேதான் பேரா வெச்சிருக்கோம்."

மறைப்பின் ஓரமாகப் படத்துக்குக் கீழே பார்த்தேன். மறைப்பு என்று அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். பெயர்ச்சீட்டே கூடாது என்கிற ஆட்கள், இதற்கு மட்டும் சீட்டு வைத்திருந்தார்கள்.

மேடையில் இவர் கேடயத்தைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். சால்வை ஒலிவாங்கியை அவர் வாய்க்கிட்டே கொண்டுபோனார். இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடுவார், அக்காவின் காலில் விழவேண்டாம், உண்மையை மட்டும் சொன்னால் போதும் என்று நினைத்தேன். அந்த ஒரு கணம் நான் அந்த ஆளுக்காக உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்தப் பச்சைத் தட்டி... அது இந்தப் படைப்போட ரெண்டாவது பகுதி. நானும் என் மனைவியும் சேந்து யோசிச்சதுதான்."

மறுபடியும் கைதட்டல்.

துப்ப வேண்டும் என்று வாயெல்லாம் ஊறியது. துப்பவில்லை. அந்தத் தரையை யாரோ என் மாதிரி ஒருத்தி குனிந்து துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள். நான் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு ஏறி, படத்தைக் கொக்கியிலிருந்து கழற்றினேன். கனமாக இருந்தது. ஒருத்தரும் உதவிக்கு வரவில்லை, தடுக்கவும் இல்லை. இது மூன்றாவது பகுதி என்று நினைத்திருப்பார்கள். அக்காவின் முகம் உள்பக்கம் இருக்கும்படி மறைப்புக்கு நடுவே செருகி, மடக்கிக் கட்டினேன். மேடையைத் தாண்டும்போது நின்று, அவரை நிமிர்ந்து பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து நீங்க, வாங்க என்றே பேசிப் பழகிய வாய் என்னுடையது.

"அது அக்கா வீடு" என்றேன். "இனிமே உனக்கு அங்க ஏதாவது வேணும்னா, தெருவுல நின்னு கேளு. உள்ள வராத."

ஒலிவாங்கி பக்கத்திலேயே இருந்ததால் கூடம் முழுக்கக் கேட்டது. இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை.

வீட்டுக்கு வந்து, படத்தைப் பின்கட்டில் துவைகல்லின்மேல் குப்புறப் போட்டேன். சட்டத்திலிருந்து உரித்தெடுத்துத் தண்ணீர் ஊற்றி, காகிதம் கூழாகும்வரை பிரஷ்ஷால் தேய்த்தேன். டெய்லரக்கா வந்து பார்த்துவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள். கல்லில் ஒட்டிய மைக்கறை போனதும் அவள் தன் வீட்டுக்குப் போனாள். வாசலில் தொங்கிய ரிப்பனை அவளே அறுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் மறைப்பை உள்ளே உருட்டிக்கொண்டு போனேன். சக்கரச் சத்தம் கேட்டதும் அக்கா போர்வையை விலக்கிப் பார்த்தாள். அத்தனை நாளில் அன்றுதான் என் முகத்தைப் பார்த்தாள். கட்டிலைச் சுற்றி மூன்று மடிப்பையும் விரித்து நிறுத்தினேன். வெந்நீர் வாளியை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் தலையை எடுத்துக்கொண்டேன். எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, அவள் வேலைக்குப் போகிற நாட்களில் போடுகிற மாதிரியே இழுத்து வாரிக் கொண்டை போட்டேன். அதுவரைக்கும் சும்மா இருந்தாள். துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு போர்வையில் கை வைத்தபோது, இடக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"யாரு..." என்றாள். அடுத்த சொல் வர நேரமாயிற்று. நான் காத்திருந்தேன். "யாரெல்லாம்... பாத்தா?"

கூடத்து வரிசை என் கண்முன்னால் வந்தது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டவள், கேக் தின்றவள், வரிசையை ஒழுங்குபடுத்தினவர். அக்காவின் பிடி இறுகியது. அவள் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை.

"யாரும் பாக்கலக்கா" என்றேன். "கண்ண மூடிக்க."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிடி மெல்லத் தளர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். நான் போர்வையை விலக்கித் துடைக்க ஆரம்பித்தேன்.